காரணம் என்ற கட்டம்

சங்கிலி நீண்டுபோச்சு என்பார்கள்.
இரும்பு நீளாது.
ஒவ்வொரு ஊசியும் தன் துளையை
மயிரளவு தின்னும்.
நூற்றிப் பதினாறு ஊசியும் தின்று முடிய
ஒரு விரல் நகம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

அளவுத்தகட்டை இடையில் விட்டுப் பார்ப்பேன்.
முக்கால் காட்டினால் சங்கிலியைக் கழற்று.
ஒன்று காட்டினால்
பற்சில்லையும் சேர்த்துக் கழற்று.

பதினொரு பற்றரிச் சைக்கிள்கள்
ஒட்டுசுட்டானுக்கு வந்து இரண்டு மாரி.
யானைவேலி பார்ப்பவர்களுக்கென்று திட்டம் தந்தது.
பெட்டியில் மலைப்படம், பனி, ஊசியிலை மரம்.
இங்கே ஏற்றம் என்றால் குளக்கட்டு ஒன்றுதான்.

வெறுங்காலால் மிதிக்கிறவன் களைப்பான்,
அவன் களைத்தால் சங்கிலிக்கும் ஓய்வு.
மோட்டருக்குக் களைப்பில்லை.
கிரவல் தூசியும் எண்ணெயும் குழைந்த சாந்தில்
நாள் முழுக்க அரைபடும் இரும்பு.
கழுவி ஊற்றினால் என் கடை வாசல்
மாட்டிறைச்சிக் கடை வாசல் மாதிரி.

தேய்வைப் பார்த்து ஆளைச் சொல்வேன்.
றெஜீவன் எப்போதும் கடைசிச் சின்னச் சில்லில்,
பதினொரு பல்லும் சுறாச்செட்டையாய்ச் சாய்ந்திருக்கும்.
குணபாலன் முழு வேகத்தில் கியர் மாற்றுகிறவன்,
அந்தக் 'கடக்' சந்தியில் கேட்டால்
நான் இங்கே கண்ணை மூடுவேன்.

தவரூபியின் வண்டிதான் விளங்கவில்லை.
சின்னச் சில்லுகளில் கொம்பனிக் கறுப்பே போகவில்லை.
பெரிய சில்லு, நாற்பத்தாறு பல்லும்,
நக்கிவிட்ட மாதிரி.
பற்றரி பாதி மிச்சத்தோடு வரும்.
"எந்த மலை ஏறுறீர்?" என்றேன்.
சிரித்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம்.
தவறான பாவனை என்று எழுதினேன்.
இரண்டு சொல்.
பதினாலாயிரத்து எண்ணூறு ரூபா,
சம்பளத்தில் மூன்று தவணை.

ஐப்பசியில் முத்தையன்கட்டுப் பக்கம்
அவளுக்குச் சங்கிலி அறுந்தது.
குணபாலனின் வண்டியில் போனேன்.
இணைப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு
இருட்டுது என்று கூடவே வந்தேன்.

முப்பத்தேழாம் கட்டையில்
அவள் கைப்பிடிப் பொத்தானை அமத்தினாள்.
திரை அணைந்தது.
"உங்கட மோட்டரையும் நிப்பாட்டுங்கோ அண்ணை."

மோட்டருக்கு ஒரு கீச்சல் இருக்கிறது.
என் கடையில் றேடியோ ஓயாது,
இரண்டு வருஷமாய் நான் அதைக் கேட்டதில்லை.
அது நின்ற பிறகுதான் கேட்டது.

இருபத்தைந்து கிலோ வண்டி,
கம்பிச் சுருள், சுத்தியல், தண்ணீர்ப் போத்தல்,
கணுக்கால் புதைகிற மணல்.
பெரிய சில்லுக்கு மாற்றி
காலால் மட்டும் மிதித்தாள், நாலு கிலோமீற்றர்.
எனக்கு முழங்கால் விட்டுப்போச்சு.
இடப்பக்கம் பாலை மரத்தடியில்
கொப்பு முறிகிற சத்தம், ஈரச் சாண மணம்.
இந்தப் பக்கம் எங்கள் சங்கிலிகள் மணலை நறநறவென்று.
இருட்டில் இரண்டு தரப்பும் தின்றுகொண்டிருந்தோம்.

அடுத்த நாள் புதுப் படிவம்.
காரணம்: யானை.
வவுனியாவிலிருந்து கோல் வந்தது.
"யானை மிதிச்சதோ?"
"இல்லை."
"அப்ப?"
சொல்லத் தொடங்கினேன். முக்கால்வாசியில் வெட்டினார்.
"மணல் எண்டு போடும். மணலுக்குக் காசு இருக்கு."
மணல் என்று போட்டேன்.
முதல் தவணை வெட்டியது வெட்டியதுதான்.

தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலி துள்ளும்,
இரண்டையும் மாற்றினேன்.
பழைய சங்கிலியைக் கேட்டாள், கேற் கட்டவாம்.
மண்ணெண்ணெயில் அலசிக் கொடுத்தேன்.

அவள் வெளிக்கிட்டதும் றேடியோவை நிறுத்தினேன்.
கீச்சல் மதகு வரைக்கும் கேட்டது.